கதவுச் சீர்

“நாப்பத்தெட்டு வயசுல உளி பிடிக்கப் போறேங்கிறியே, நான் வெளிய தலைகாட்ட வேண்டாமா, வீட்ல சோத்துக்கு வழியில்லாமலா கிடக்க, இல்ல கேக்கேன், பொம்பளைக்கு எதுக்குட்டி இழைப்புளி?” என்று வியாகப்பன் கேட்டான், முந்தின நாள் கேட்ட அதே சொற்களை அதே வரிசையில், ‘இல்ல கேக்கேன்’ என்பதைக்கூட இடம் மாற்றாமல்; ஜெபமாலை சொல்லுகிறவர்கள்கூட நடுவில் ஒரு மணியைத் தவறவிடுவார்கள், இந்த மனுஷன் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டே எமரென்சியா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“நம்ம வீட்டுக் கதவை நானே இழைச்சுக்கத்தான்,” என்றாள். “நீங்க மாசாமாசம் அதை ஒரு வழி பண்ணி வைப்பீங்க, நான் சங்கிலி ஆசாரிகிட்டப் போயி நிக்கணும், அவன் ‘என்னக்கா, மறுபடியுமா’ன்னு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பாக்க நீங்க போங்களேன். போகமாட்டீங்க. அப்ப நான் கத்துக்கிடுதேன்.”

அவன் அறைந்தான். அறை அவளுடைய இடது கன்னத்தில்தான் விழுந்தது, காது அடைத்தது, கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் வந்து போனது, தோசைக்கரண்டி தெறித்து அண்டாவுக்கு அடியில் போய்விட்டது. ஆனால் கன்னத்தில் ஒரு சிவப்பு இல்லை, ஒரு விரல்தடம் இல்லை, வாசல் கதவு மட்டும் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. அவள் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுப் போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, பழைய தடங்களுக்கு நடுவே இருந்த கொஞ்சம் நல்ல இடத்தில், ஐந்து விரலும் மரத்தில் பதிந்து சிவந்து கிடந்தன, மோதிர விரலின் மோதிரம் உட்பட.

“திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு,” என்றாள் அங்கிருந்தே. “இருந்த ஒரே நல்ல இடம். அதுலயும் கொண்டு வச்சாச்சு.”

மேற்கு மலைக்கு அடியில், மரலாரிகள் இறங்கி வருகிற சாலையில் இருந்த குருசடிபுரத்தில் அது அப்படித்தான். ஒருவர் இன்னொருவரைக் கைநீட்டி அடித்தால், எங்கே வைத்து அடித்தாலும், அடிபட்டவருடைய வீட்டு வாசல் கதவில்தான் காயம் விழும். வலி ஆளோடு இருக்கும், அடையாளம் மரத்தோடு போய்விடும். அறை விரலாகப் பதியும், குத்து குழியாகும், பெல்ட்டு நீளமான தழும்பாகும், அன்றைக்குச் சிவந்து, மறுநாள் நாவல்பழ நிறமாகி, பிறகு பச்சையோடி, கடைசியில் மஞ்சளாக வெளிறும், தோலில் எப்படியோ அப்படி. என்றைக்கிலிருந்து இப்படி என்று யாருக்கும் நினைவில்லை. பெரிய மழைக்குப் பிறகு என்றார்கள் சிலர், பழைய கோயிலை இடித்துப் புதுக்கோயில் கட்டிய வருஷம் என்றார்கள் சிலர். ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வராத அன்றைக்குத்தான் அந்த ஊர் எதையும் ஏன் என்று கேட்கும்.

ஏன் என்று கேட்காத ஊர், இனி என்ன செய்யலாம் என்பதை மட்டும் வெகு சுறுசுறுப்பாக யோசித்தது. முதலில் இரும்புக் கதவு போட்டுப் பார்த்தார்கள். இரும்பில் விழுந்த நசுங்கலை இழைத்து எடுக்க முடியாது என்று தெரிந்ததும் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு மரத்துக்கே திரும்பினார்கள். காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களிடம் டாக்டர், “எங்கம்மா காயம்?” என்று கேட்டார், “கதவுல சார்” என்றதும், “அப்ப ஆசாரியைப் பாரு” என்றார், போலீஸ் நிலையத்தில் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கம் முடிந்து அறிவிப்பு வாசிக்கையில், ஆயர் வருகிறார், சப்பரம் வருகிற தெருக்களில் கதவுகளைச் சீராக வைத்துக்கொள்ளவும் என்று பங்குச்சாமியாரே சொல்லுவார், சாக்கடையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் என்பதற்கு அடுத்ததாக. இதற்கெல்லாம் மேலே, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் பண்டபாத்திரத்தோடு ஒரு கதவும் கொடுத்தனுப்புகிற வழக்கம் வந்து, ஒரே தலைமுறையில் ஆதாம் ஏவாள் காலத்துச் சம்பிரதாயம்போல ஊன்றிவிட்டது. அதற்குக் கதவுச் சீர் என்று பெயர். என்ன மரம், எத்தனை கனம், எந்த மரடிப்போவில் எடுத்தது என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிப் பார்ப்பார்கள், பெண்வீட்டார் பெருமையாக நிற்பார்கள். பூசை முடிந்து நிற்கையில் பெண்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

“எங்க வீட்டுக் கதவு கோங்கு. மலைக்கு அந்தப் பக்கத்துலருந்து எங்கப்பா கொண்டாந்தது. இத்தனை வருஷத்துல ஒரு விரிசல் கிடையாது,” என்பாள் பக்கத்துவீட்டுத் தங்கபுஷ்பம், கதவைச் சொல்லுகிறாளா தன் முதுகைச் சொல்லுகிறாளா என்று தெரியாதபடி.

“என் மக வீட்டுக் கதவைப் போயி பாரு, மூஞ்சி தெரியும்,” என்பாள் எமரென்சியா. அதில் பொய் இல்லை. ஒரே மகள் ஜெஸ்லினுக்கு அவள் முழுத் தேக்கில், ஒரு கையால் தள்ள முடியாத கனத்தில், திராட்சைக்கொடி செதுக்கிக் கதவு கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை கிளாட்வின் கணக்கு வாத்தியார், குரலை உயர்த்தாதவர், பங்குப்பேரவையில் உறுப்பினர், அத்தை என்று கூப்பிட்டால் காதில் தேன் விழும். கல்யாணமான மறுவருஷமே திராட்சைக்கொடி போய் கதவு மொழுமொழுவென்று ஆகியிருந்ததைப் பார்த்து, “கொடி எங்கட்டி?” என்று கேட்டதற்கு, “இப்பல்லாம் ப்ளெயினாத்தான் மம்மி போடுறாங்க,” என்றாள் ஜெஸ்லின். எமரென்சியாவும் சரி, காலம் மாறுகிறது என்று விட்டுவிட்டாள். அவளுக்கு எதையும் இரண்டாம் முறை கேட்கப் பொறுமை கிடையாது.

ஆக, கரண்டியை அண்டாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கழுவி, மிச்சத் தோசையைச் சுட்டு மூடிவைத்துவிட்டு, அன்றைக்கே அவள் சங்கிலி ஆசாரியின் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை என்பது கோயில் தெருவின் மேற்கு முனையில் நாலு தூணும் தகரக் கூரையும். சங்கிலி அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், கல்யாணமாகாதவன், சமையலும் படுக்கையும் அந்தக் கூரைக்கு அடியிலேயே. ஊர்க்கதவு அத்தனையையும் இழைக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது, சுவரே இல்லாத இடத்தில் கதவை எங்கே மாட்டுவது.

“விளையாடாதீங்கக்கா,” என்றான்.

“கான்வென்ட்ல பிபியானா சிஸ்டர்கிட்ட ஆறு வருஷம் தையல் படிச்சவ நான். ஒரு நூல் கோணினா ரூல்தடியால முட்டியில போடுவாங்க. உன் கதவு ரெண்டு நூல் கோணி நிக்கி, போன தடவை இழைச்சது. நான் விளையாடுதேனா நீ விளையாடுதியா?”

சங்கிலி ஒரு சாணைக்கல்லையும் இழைப்புளித் தகட்டையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். “தீட்டுங்க. கைமுடி சிரைக்கிற பதம் வந்தா சொல்லுங்க. அதுக்கு முன்னால வாயைத் திறக்கக்கூடாது.”

வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. விரல் வெட்டுப்பட்டது, தோள் இறங்கியது, ஆனாலும் பதம் வந்தது. பிறகு மூலைமட்டம் பிடிக்கக் கற்றாள், ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே போகாமல் இழுக்கக் கற்றாள், கட்டையின் முனையைக் கழுந்தாகச் சீவித் துளைக்குள் ஆணியில்லாமல் இறுக்கக் கற்றாள், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளினால் சுருள் அறுபடாமல் வரும் என்று கற்றாள், எதிர்ப்பக்கம் தள்ளினால் மரம் பல்லைக் காட்டும் என்றும் கற்றாள். காயத்தை எப்போது இழைப்பது என்பதுதான் அந்த ஊர்த் தச்சின் தனிப்பாடம்: நாவல்நிறமாக இருக்கையில் தொட்டால் ஆழத்தில் இறங்கிவிடும், மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் சுருள்கள் காலடியில் குவியும், சாயங்காலம் அதைக் கூட்டி அள்ளி வெந்நீர் அடுப்பில் போடுவான் சங்கிலி, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.

இன்னொரு பாடமும் உண்டு. எந்தக் கதவும் பட்டறைக்கு முகம் காட்டி வராது. கைப்பிடி, தாழ்ப்பாள், வீட்டு எண் எல்லாம் கழற்றி, பழைய சேலையால் சுற்றி, பின்பக்கமாகக் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போவார்கள். எந்த வீட்டுக் கதவு என்று தச்சன் கேட்கக்கூடாது. கதவு பட்டறையில் இருக்கிற இரண்டொரு நாளும் அந்த வீட்டில் யாரும் கைநீட்டுவதில்லை, வாசல் திறந்து கிடக்கிறதே, தெருவே பார்க்குமே. கதவில்லாத வீட்டுப் புருஷன்மார் அந்த இரண்டு நாளும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைமாதிரி நடந்துகொள்வார்கள். ஊரில் பெண்கள் நன்றாகத் தூங்குவதும் அந்த நாட்களில்தான் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

அவசரத்தால் எமரென்சியா செய்த தவறு ஒன்று உண்டு. மரத்தை விரலால் தடவிப் பார்க்காமல் தள்ளி, உள்ளே ஒடிந்து கிடந்த ஓர் ஆணியில் இழைப்புளியை ஏற்றிவிட்டாள். தகட்டின் முனையில் ஊசிமுனையளவு ஒரு பல் உடைந்தது. அதற்குப் பிறகு அவள் இழைத்த பலகையிலெல்லாம் ஒரு ஓரமாக மயிர்க்கோடு போல ஒரு மேடு, மேலிருந்து கீழே வரை, நேராக நின்றது, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் தெரியும்.

“தகட்டைத் தேய்ச்சு அந்தப் பல்லை எடுங்கக்கா. உங்க இழைப்புளி கையெழுத்துப் போடுது,” என்றான் சங்கிலி.

“போடட்டும். உன் பேரைப் போட்டாத்தானே தப்பு,” என்றாள். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து தேய்க்க யாரால் முடியும்.

வீட்டுக் கதவை அவளே கழற்றி இழைத்தாள். வியாகப்பனை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள், வேறு வழியில்லாமல் பிடித்தான். அவனுடைய விரல்களும் மோதிரமும் சுருள் சுருளாக உரிந்து அவன் கால் மேலேயே விழுந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அதன்பிறகு ஒரு மாதம் கதவு நன்றாக இருந்தது. பிறகு அடி கொஞ்சம் கீழே, கால் பக்கமாக விழத் தொடங்கியது. அதில் ஒரு நாகரிகம் இருப்பதாக அவன் நினைத்திருக்க வேண்டும், வருகிறவர்கள் கண்ணில் படாதே.

சேலை சுற்றி ஒரு தேக்குக் கதவு வந்தது அப்போதுதான். முழுக் கதவையும் முதன்முதலாக அவளிடமே விட்டான் சங்கிலி. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பல தடவை இழைபட்ட மரம், ஆனாலும் ரேகை தண்ணீர் ஓடினாற்போல நேராக இருந்தது. அதில் குழிகள் மேலிருந்து கீழ்வரை இருந்தன, ஒரே அளவுக் குழிகள், ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், கோபத்தில் குத்தியதுபோல இல்லாமல் கணக்குப் பார்த்துக் குத்தியதுபோல. “எவனோ நிதானமான ஆளு,” என்றாள். சங்கிலி அந்தப் பக்கம் போய் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டான். “ஆனா மரத்தைப் பாரேன், ராசாத்தி மாதிரி. யாரோ பெத்தவ பாத்துப் பாத்துக் கொடுத்திருக்கா.” பொறுமையே இல்லாத அவள் அந்தக் கதவில் மட்டும் பொறுமையாக இருந்தாள். குழி எல்லாம் போகும்வரை இழைத்தாள், உப்புத்தாள் போட்டாள், வார்னிஷ் அடித்தாள், தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள், தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பாட்டுக்கூட வந்தது வாயில்.

அடுத்த மாதம் லீமா ரோஸ் இறந்துபோனாள். வடக்குத் தெரு லாரிக்காரர் மனைவி, நாற்பதுகூட ஆகவில்லை. மத்தியானம் கதவு மேலிருந்து கீழாகப் பிளந்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது, ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் அவள் அடுப்படியில் குப்புறக் கிடந்ததைப் பார்த்தார்கள், உடம்பில் ஒரு கீறல் இல்லை, டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். ஊர் கூடி அழுதுவிட்டு, மாமரத்துக் கதவு, எத்தனை நாள் தாங்கும், தேக்காக இருந்தால் பிழைத்திருப்பாள் என்று முடிவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களின் தகப்பன்மார் மறுநாளே டிப்போவுக்குப் போய்த் தேக்குக்குச் சொல்லிவைத்தார்கள். பிளந்த கதவு பட்டறைக்கு வந்தது, சேலை சுற்றாமல். எமரென்சியா அதன் பிளவைப் பார்த்தாள். உள்ளே மரமே இல்லை. பிஸ்கட் கனம்கூட இல்லாத ஒரு தகடு, அதன் இரண்டு பக்கமும் பட்டியும் பெயின்ட்டும்.

“இழைக்க இழைக்கக் குறையத்தானேடா செய்யும்,” என்றாள், அவனிடம் சொல்லுவதுபோல் தனக்கே.

“குறையும்.”

“உனக்குத் தெரியுமா?”

“தச்சனுக்குத் தெரியாம மரம் குறையுமாக்கா.”

“தெரிஞ்சா இழைச்ச?”

“இழைக்கலைன்னா என்ன ஆகும்னு சொல்லுங்க. கதவு காயத்தோட நின்னா, வீட்டு மானத்தை வாங்கிட்டியேன்னு அதுக்கும் சேத்து அவளுக்குத்தான் விழும். நான் மாட்டேன்னா தென்காசிலருந்து ஒருத்தன் மிஷினோட வந்து ஒரே நாள்ல தெரு முழுக்க இழைச்சுட்டுப் போவான்.” அவன் பிளந்த கதவைச் சவப்பெட்டிக்கு ஆகுமா என்று தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். “ஆகாது.”

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது, அதை நினைத்துப் பிற்பாடு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்: நல்லவேளை, என் மகளுக்கு நான் தேக்குக் கொடுத்தேன், அதுவும் அந்தக் கனத்தில், அதுவும் அந்த மாதிரி மாப்பிள்ளைக்கு.

அடுத்த வருஷத் திருவிழாவன்று சாயங்காலம், சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு நான்கு தெரு சுற்றி வரும் நேரத்தில், தூக்குவாளியில் கறிக்குழம்போடு மகள் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை சப்பரத்தோடு போயிருந்தார். வெயில் மேற்கே சாய்ந்து கோயில் தெருவுக்குள் படுத்துக்கொண்டு வந்தது, கதவு வார்னிஷ் பூசி மின்னிக்கொண்டிருந்தது, அதன் இடது ஓரத்தில், மேலிருந்து கீழே வரை, நேராக, மயிர்க்கோடு போல ஒரு மேடு இருந்தது.

எமரென்சியா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே கோட்டைத் தடவிக்கொண்டு வந்தாள். பிறகு கதவைப் பாதி திறந்து அதன் விளிம்பைப் பார்த்தாள். ஒரு கையால் தள்ள முடியாத கனத்தில் கொடுத்த கதவு, சின்னப்பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டின் கனத்தில் நின்றது. நடுவில் புதிதாக ஒரு குழி இருந்தது, நாவல்நிறம், அதைச் சுற்றி மரம் நகம் போல வெளிச்சத்தை ஊடுருவ விட்டது. உள்ளே ஜெஸ்லின் நடமாடுவது அதன் வழியே நிழலாகத் தெரிந்தது.

“என்ன மம்மி, வாசல்லயே நிக்கிய?”

“என் கையாலயே இழைச்சிருக்கேண்ட்டி,” என்றாள் எமரென்சியா. ஜெஸ்லின் எதை என்று கேட்கவில்லை, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, “உள்ள வா, தெருவுல பாப்பாங்க,” என்றாள்.

எமரென்சியா உள்ளே போகவில்லை, தெரு முனைக்கு நடந்தாள், நடந்தவள் ஓடினாள். சங்கிலி திருவிழாவுக்குப் புதுவேட்டி கட்டிக்கொண்டு தலை சீவிக்கொண்டிருந்தான்.

“தெரியும்ல உனக்கு, அந்தத் தேக்கு யார் வீட்டுதுன்னு.”

சீப்பு நின்றது. “எல்லார் வீட்டுக் கதவும் எனக்குத் தெரியும்க்கா. கேக்கக்கூடாதுன்னுதானே வழக்கம், தெரியக்கூடாதுன்னா இருக்கு?”

“என் மகளை என் கையாலயே இழைக்க விட்டியே, லேய்,” என்று கொட்டாப்புளியை, அந்தக் கனத்த மரச்சுத்தியலை, எடுத்து வீசினாள். அது அவன் நெற்றியில் பட்டு, பலகையில் பட்டு, தரையில் உருண்டது. அவன் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கிப் புதுவேட்டியில் சொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மனிதன் மனிதனை அடித்து ரத்தம் வந்து அவர்கள் பார்த்ததே இல்லை. சங்கிலி விரலால் தொட்டுப் பார்த்து, பழக்கதோஷத்தில் காயம் எங்கே விழுந்தது என்று சுற்றுமுற்றும் ஒரு கதவைத் தேடினான்.

“எனக்குத்தான் கதவு இல்லையேக்கா,” என்றான் மெதுவாக.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அவன் தலையில் கட்டிவிட்டு, திருப்புளியையும் கொட்டாப்புளியையும் பையில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குத் திரும்பினாள். வந்ததும் முக்காலியைப் போட்டு ஏறி மேல்கீலில் திருப்புளியை வைத்தாள்.

ஜெஸ்லின் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “மம்மி, வேண்டாம். இதுல கை வைக்காத. இது நிக்கிறவரைக்கும்தான் நான் நிப்பேன்.”

“இனி ஒரு அடி இது தாங்காது. ஒண்ணே ஒண்ணு. நான் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன், கத்துக்கிட்டு வந்து சொல்லுதேன். லீமா ரோஸ் கதவை நீ பாத்தியா? நான் பாத்தேன்.” மேல்கீலின் கடைசித் திருகு கழன்று வந்தது, கதவு முன்னால் சாய்ந்தது. “கத்தாத. கீழ கால் குடு, சாயுது பாரு.”

தெருக்கோடியில் பேண்டு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. ஜெஸ்லின் பாதத்தைக் கதவின் அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள், மீதிக் கீல்கள் கழன்று வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கனமே இல்லை. வீட்டுக்குள் வெயில் நேராகப் போய் அடுப்படி வரைக்கும் விழுந்தது.

சப்பரம் தெருவுக்குள் திரும்பியது, மாதா பூவுக்குள் ஆடி ஆடி வந்தாள், ஊரே பின்னால் வந்தது, தங்கபுஷ்பம் வந்தாள், வியாகப்பன் பேரவைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தான், தலைக்கட்டோடு சங்கிலி ஓரமாக வந்தான், கிளாட்வின் சப்பரத்தின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் தன் வீட்டு வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் படியேறினார்.

“என்ன அத்தை இது, நல்ல நாளும் அதுவுமா கதவைக் கழட்டி வச்சுக்கிட்டு. நாலு பேர் பாக்காங்கல்ல.” குரல் உயரவே இல்லை. ஜெஸ்லின் பக்கம் திரும்பி, “உள்ள போ,” என்றார்.

“உள்ளன்னு ஒண்ணு இல்ல மாப்பிள்ளை இப்ப,” என்றாள் எமரென்சியா. “எல்லாம் வெளியதான்.”

“உள்ள போ ஜெஸ்லின்.”

ஜெஸ்லின் அசையவில்லை. அவர் அறைந்தார், ஒருவரும் கவனிக்காதபடி, பாதிக் கையால், எத்தனையோ நாள் பழகிய கையால். கதவிருந்த இடத்தில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஜெஸ்லினின் கன்னத்தில் ஒன்று, இரண்டு என்று ஐந்து விரலும் மெதுவாக எழும்பிச் சிவந்தன. பேண்டு நின்றது. தெருவே அந்தக் கன்னத்தைப் பார்த்தது, பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் பிள்ளைகளின் முகத்தைத் திருப்பினார்கள். கிளாட்வினும் அந்தக் கன்னத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு கரண்ட் போனபின் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறவரைப்போல இன்னொரு முறை, இந்த முறை மூடிய கையால், குத்தினார். ஜெஸ்லின் நிலைக்காலில் மோதிப் படிக்கல்லில் விழுந்தாள், கல்லில் பட்ட தலையிலிருந்து ரத்தம் கோலத்துக்குள் ஓடியது.

அவர் முதலில் தன்னை அடிப்பார் என்றுதான் எமரென்சியா கணக்குப் போட்டிருந்தாள். அவளை அடித்தால் அவள் வீட்டுக் கதவு வாங்கிக்கொள்ளும், அதற்குள் அவர் வாயில் ஒன்று போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். கொட்டாப்புளியைப் பையிலிருந்து எடுத்து, கழுந்தைத் துளைக்குள் இறக்கும்போது எப்படி ஓங்குவாளோ அப்படி, தோளிலிருந்து ஓங்கி அவர் தாடையில் இறக்கினாள். அந்தச் சத்தம் மரத்தின் சத்தமாக இல்லை. வெள்ளைச்சட்டை முழுக்கச் சிவந்து, பல்லைத் துப்பிக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஊருக்கு வாய் வந்தது. ஐயோ ரத்தம் என்றார்கள், வாத்தியாரைக் கொன்னுட்டாளே என்றார்கள், இப்படியும் ஒரு பொம்பளையா, மாதா சப்பரத்துக்கு முன்னாலயா என்றார்கள், துண்டைக் கொடுத்தார்கள், விசிறினார்கள், ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து அவரை நாலு பேர் தாங்கி ஏற்றினார்கள், இன்னும் நாலு பேர் தொற்றிக்கொண்டார்கள், ஆட்டோ போய்விட்டது. தெருவில் மீதிப்பேர் சப்பரத்தைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். சிலர் திரும்பித் தங்கள் தங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார்கள்.

எமரென்சியா சுவரில் சாய்த்த கதவை இழுத்துப் படிக்குப் பக்கத்தில் கிடத்தி, ஜெஸ்லினை மெல்ல அதன் மேல் உருட்டினாள். கதவு கிரீச்சென்று நடுவில் வளைந்தது, உடையவில்லை. ஜெஸ்லின் கண்ணைத் திறந்து மூடினாள். ஆஸ்பத்திரி தெருமுனை தாண்டிப் பக்கம்தான், இரண்டு பேர் பிடித்தால் போய்விடலாம். தலைமாட்டுப் பக்கம் குனிந்து இரண்டு கையையும் விளிம்புக்கு அடியில் கொடுத்தாள், தான் இழைத்த கோடு உள்ளங்கையில் அறுத்தது. நிமிர்ந்து பார்த்தாள். தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சங்கிலி தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதவின் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாகப்பன் இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு மாதாவைப் பார்த்தபடி நின்றான்.

“யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் பிடிங்க,” என்றாள்.